ஹைப்பீரியன்: கிளாசிக்கலை மட்டும் வெச்சுக்கிட்டு 43 வருஷம் தனியா நின்ன ஒரு சின்ன லேபிள்

தம்பி, நம்ம கிழக்குப் பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்து வித்வான்களை ரெக்கார்ட் பண்ணி சின்னதா ஒரு லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, ஆரம்பிக்கலாம்னு நாலு பேர் சேர்ந்து பேசிட்டு இருக்கீங்க, சினிமாவும் வேண்டாம் பக்திப் பாட்டும் வேண்டாம் கிளாசிக்கல் மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டீங்க, வீட்ல எல்லாரும் இது தேறாதுங்கறாங்க, அப்படி வெறும் கிளாசிக்கலை வெச்சு ஒரு சின்ன கம்பெனி எங்கயாவது நின்னிருக்குதான்னு கேட்டிருந்தீங்க. நின்னிருக்குதுங்க. லண்டன்ல ஹைப்பீரியன்னு ஒரு கம்பெனி, 1980-ல ஆரம்பிச்சது, 2023 வரைக்கும் ஒரே குடும்பத்துக் கையில, எந்தப் பெரிய கம்பெனிக்கும் அடியில போகாம இருந்தது. மேற்கத்திய சங்கீதம்தான், நம்ம சங்கீதம் இல்ல, ஆனா நீங்க யோசிக்கற அத்தனை சிக்கலும் அவங்களுக்கும் வந்திருக்குது, அதனால அந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஆரம்பிச்சவர் டெட் பெரி. 1931-ல பொறந்தவர். பெரிய பணக்காரர் கிடையாது, காலேஜ்ல மியூசிக் படிச்சவரும் கிடையாது, லண்டன்ல ரெக்கார்ட் கடையில வேலை பார்த்தவர், அப்புறம் ரெக்கார்ட் கம்பெனிகள்ல வேலை, நடுவுல சில வருஷம் ஆஸ்திரேலியாவுல இருந்தார், திரும்பி வந்து சாகான்னு மலிவு விலையில எல்பி (பெரிய இசைத்தட்டு) போடற ஒரு கம்பெனியில இருந்தார், 1977-ல இன்னொருத்தரோட சேர்ந்து மெரிடியன்னு ஒரு லேபிள். அதுல இருந்து வெளிய வந்துதான் ஹைப்பீரியன். கையில காசு இல்லாததால ராத்திரியில மினிகேப் டாக்ஸி ஓட்டி அந்தப் பணத்தை ரெக்கார்டிங்ல போட்டார். இந்த டாக்ஸி விஷயத்தை எல்லாரும் உருக்கமா சொல்லுவாங்க, எனக்கு அதைவிட முக்கியமாப் படறது வேற. அந்த மனுஷன் அதுக்கு முன்னால இருபது வருஷத்துக்கு மேல கவுண்டர்லயும் கம்பெனியிலயும் நின்னு, எந்த ரெக்கார்டை யார் வாங்கறாங்க, எதைக் கேட்டு இல்லைனு திரும்பிப் போறாங்கன்னு பார்த்துட்டு இருந்தவர். கடைக்கு வந்து கேட்டு கிடைக்காம போனது என்னங்கறதுதான் அவருக்குத் தெரிஞ்ச தொழில் ரகசியம்.

அவர் போட்ட முதல் எல்பியைப் பாருங்க, நம்பர் ஏ66001. ஃபின்ஸி, ஸ்டான்ஃபோர்ட்னு ரெண்டு இங்கிலீஷ் கம்போசர்கள் எழுதின கிளாரினெட் கான்செர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியம் முன்னால நிக்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கற நீளமான படைப்பு, வாசிச்சவங்க தியா கிங்னு ஒரு அம்மா. பேத்தோவன் இல்ல, மோட்சார்ட் இல்ல. ஏன்னா பேத்தோவன் சிம்ஃபனி வேணும்னா அப்ப டாய்ச்ச கிராமஃபோன், டெக்கா, ஈஎம்ஐன்னு மூணு பெரிய கம்பெனிகளும் கராயன் மாதிரி பேர் போன கண்டக்டர்களை வெச்சு திரும்பத் திரும்ப போட்டுட்டு இருக்காங்க, அங்க போய் ஒரு டாக்ஸி ஓட்டற ஆள் மோதினா அந்த எல்பியை எடுத்துப் பார்க்கக்கூட யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா அந்த ஃபின்ஸி கான்செர்ட்டோ நல்ல ரெக்கார்டிங்ல வேணும்னு கேக்கற ஒரு கூட்டம் இருந்தது, சின்னக் கூட்டம்தான், அவங்க வேற எங்க போனாலும் கிடைக்காது. நீங்க அனுப்பின லிஸ்ட்ல முதல் பத்து பாட்டையும் பார்த்தேன், எல்லாம் கச்சேரியில எல்லாரும் பாடற தியாகராஜ கிருதிகள். நம்மூர் வித்வான் நல்லாத்தான் பாடுவார், சந்தேகமே இல்ல, ஆனா அதே கிருதி எம்.எஸ். அம்மா, கே.வி. நாராயணசுவாமி, செம்மங்குடின்னு அத்தனை பேர் குரல்லயும் ஃபோன்ல சும்மா கிடைக்குது. இதைப் பத்தி கீழ திரும்ப வர்றேன்.

ஹைப்பீரியனைத் தூக்கி நிறுத்தின ரெக்கார்டு 1981-ல பதிவு பண்ணினது. ஹில்டகார்ட்னு 12-ம் நூற்றாண்டுல ஜெர்மனியில ஒரு கன்னிமடத்துத் தலைவி, 1098-ல பொறந்து 1179-ல இறந்தவங்க, லத்தீன்ல பக்திப் பாடல் எழுதி தானே மெட்டும் போட்டவங்க. கிறிஸ்டோஃபர் பேஜ்னு ஒரு ஆராய்ச்சியாளர் கோதிக் வாய்சஸ்னு ஒரு சின்ன குரூப் வெச்சிருந்தார், அவரு வந்து இதைப் பாடலாம்னு சொன்னப்ப அந்தம்மா பேரு சாதாரண ரசிகர்களுக்குத் தெரியவே தெரியாது. எம்மா கர்க்பி, இன்னும் சில பாடகர்கள், ஒரு சர்ச், அவ்வளவுதான் செட்டப்பு. ஆர்கெஸ்ட்ரா இல்ல, அதனால செலவும் கம்மி. 1982-ல வந்தது, விமர்சகர்கள் கொண்டாடினாங்க, கிராமஃபோன் பத்திரிகை அவார்டு குடுத்தது, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வித்துட்டே இருந்தது, டான்ஸ் மியூசிக் பண்ற பசங்க அதுல இருந்து துண்டு எடுத்து தங்க டிராக்ல போடற அளவுக்குப் போச்சு. யாருமே கேக்காத எண்ணூறு வருஷத்துக்கு முந்தின பாட்டு ஒரு கம்பெனியோட சோத்துப் பானையை நிரப்பிச்சுன்னு நினைச்சாலே எனக்கு இன்னமும் மனசு நிறைஞ்சு போகுது.

அந்தக் காசை டெட் பெரி என்ன பண்ணினார்ங்கறதுதான் இந்தக் கதையோட நடு மையம். அதே மாதிரி இன்னொரு ஹிட் தேடிப் போகல, வருஷக்கணக்கா இழுக்கற, எப்ப லாபம் வரும்னே தெரியாத பெரிய பெரிய வேலைகள்ல கொண்டு போய் போட்டார். ஷூபர்ட்ங்கற ஆஸ்திரியக் கம்போசரோட எல்லாப் பாட்டும்னு ஒண்ணு. ஷூபர்ட் 31 வயசுல செத்துப் போனவர், அதுக்குள்ள 600-க்கு மேல தனிப்பாட்டு எழுதிட்டார், அதுல ஐம்பதோ நூறோதான் கச்சேரிகள்ல அடிக்கடி பாடறது. கிரஹாம் ஜான்சன்னு ஒரு பியானோக்காரர், பாட்டுக்குப் பக்கவாத்தியமா வாசிக்கறதையே வாழ்க்கையா வெச்சிருந்தவர், அவரு எல்லாத்தையும் பண்ணலாம்னு சொல்ல இவரு சரின்னுட்டார். 1987-ல ஆரம்பிச்சாங்க. முதல் தொகுதி பாடினது ஜேனட் பேக்கர், அப்ப அவங்க இங்கிலாந்துலயே உச்சத்துல இருந்த பாடகி. 37 தொகுதி, அனேகமா தொகுதிக்கு ஒரு பாடகர், அந்தக் குரலுக்கு ஏத்த பாட்டா பொறுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கருத்து வெச்சு, கூடவே ஜான்சனே ஒவ்வொரு பாட்டைப் பத்தியும் எழுதின குறிப்புகள், சில புக்லெட் சிடி பெட்டிக்குள்ள அடங்காத அளவுக்குத் தடிமன். பாட்டோட ஜெர்மன் வரிகள், பக்கத்துல இங்கிலீஷ் அர்த்தம், அந்தக் கவிஞர் யாரு, ஷூபர்ட் எந்த வயசுல எந்த நிலைமையில எழுதினார், எல்லாம். முதல் தொகுதி வாங்கினவன் ரெண்டாவது எப்ப வரும்னு காத்திருந்தான். 37-வது வரைக்கும் கூட வந்தவங்க எத்தனையோ பேர்.

ஃபிரான்ஸ் லிஸ்ட்ங்கற கம்போசருக்கும் இதே மாதிரி. லெஸ்லி ஹாவர்டுன்னு ஆஸ்திரேலியக்காரர், லிஸ்ட் எழுதின தனிப் பியானோ இசை முழுசையும் ஒரே ஆளா வாசிச்சார், 80-கள்ல ஆரம்பிச்சு 90-கள் முடியற வரைக்கும் ஓடிச்சு, 2011-ல லிஸ்ட்டோட 200-வது பிறந்த வருஷத்துக்கு எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டப்ப 99 சிடி. தொண்ணூத்தொம்பது! 1991-ல ரொமான்டிக் பியானோ கான்செர்ட்டோன்னு இன்னொரு வரிசை, மோஷ்கோவ்ஸ்கி, பாடெரெவ்ஸ்கி ரெண்டு பேரோட கான்செர்ட்டோவோட ஆரம்பிச்சு 80 தொகுதி தாண்டிப் போச்சு, அதுல வர்ற கம்போசர்கள்ல முக்காவாசிப் பேர் பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டோம், ஆனா அந்த வரிசையில ஸ்டீஃபன் ஹஃப் வாசிச்ச ஷார்வென்கா, சௌவர் கான்செர்ட்டோ 1996-ல கிராமஃபோன் பத்திரிகையோட அந்த வருஷத்து முதல் ரெக்கார்டா வந்தது. பெரிய கம்பெனிகளோட பேத்தோவனையும் பிராம்ஸையும் தள்ளிட்டு ஷார்வென்கா.

நம்ம கிழக்குப் பாலக்காட்டுக்காரங்களுக்கு சுலபமா புரியற மாதிரி சொன்னா, ஹிட் பாட்டு நெல்லு மாதிரி, அந்த ஒரு போகத்தோட அறுத்து வித்து முடிஞ்சிரும், கேட்டலாக்ங்கறது, அதாவது கம்பெனி போட்டு வெச்சிருக்கற மொத்த ரெக்கார்டுகளும், தென்னந்தோப்பு, வெச்ச அன்னைக்கு ஒண்ணும் வராது, வெட்டாம தண்ணி விட்டா நாப்பது வருஷம் காய்க்கும். டெட் பெரி தோப்பு வெச்சார், வெட்டவும் மாட்டார். பெரிய கம்பெனிகள் ஒரு ரெக்கார்டு ரெண்டு வருஷம் விக்கலைனா லிஸ்ட்ல இருந்து தூக்கிருவாங்க, இவரு தூக்க மாட்டார். எல்பியில இருந்து சிடிக்கு மாறினப்ப அந்த ஹில்டகார்ட் ரெக்கார்டோட நம்பர் ஏ66039 அப்படியே சிடிஏ66039 ஆச்சு, நம்பர் கூட மாறல. பழசானதை ஹீலியோஸ்னு கம்மி விலை வரிசையில திரும்பக் கொண்டு வந்தாங்க. பின்னால ஸ்டாக் தீர்ந்து போன சிடியைக் கூட, யாராவது ஒருத்தர் கேட்டா அந்த ஒருத்தருக்காக ஒரு காப்பி எழுதி புக்லெட்டோட அனுப்பற ஏற்பாடு வெச்சிருந்தாங்க. கம்பெனி சொந்தமா ஸ்டுடியோ கட்டல, சர்ச்சு, ஹால்னு நல்லா ஒலிக்கற இடமா வாடகைக்கு எடுத்தாங்க, டோனி ஃபாக்னர், ஆன்டனி ஹவல்னு காது தெரிஞ்ச எஞ்சினியர்களைக் கூப்பிட்டு வேலை முடிச்சாங்க. நீங்க ஸ்டுடியோ கட்ட கடன் வாங்கறதைப் பத்தி எழுதியிருந்தீங்களே, தயவு செஞ்சு வேண்டாம். கல்பாத்தி அக்ரஹாரத்துல பழைய வீட்டுக் கூடங்கள் இருக்குது, மரத்தட்டு உசரத்துல, மிருதங்கம் அங்க கேக்கற மாதிரி எந்த ஸ்டுடியோவுலயும் கேக்காது. பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம்னு சொன்ன மனுஷன், அவரு ஊர்ல உக்காந்துட்டு ரூமுக்கு பஞ்சு ஒட்டணுமா. தேரோட்டம் நடக்கற நவம்பரை மட்டும் தவிர்த்துட்டு, ராத்திரி ஆட்டோ சத்தம் அடங்கினதும் பண்ணுங்க.

ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். ஹைப்பீரியன் ஆரம்பிச்ச அதே 1980-ல திருவனந்தபுரத்துல யேசுதாஸ் தரங்கிணி ஆரம்பிச்சார். அவரு கோட்டாயி செம்பை வைத்தியநாத பாகவதரோட சிஷ்யர், அந்த வகையில நம்ம பாலக்காட்டுக்குச் சொந்தம். ஓணத்துக்கு ஒண்ணு, மண்டல சீசன்ல ஐயப்பன் பாட்டு ஒண்ணுன்னு வரிசையா வந்தது, போன வருஷத்தது வாங்கினவங்க இந்த வருஷத்தையும் எதிர்பார்த்தாங்க. கிளாசிக்கல் லேபிள்னு அதைச் சொல்ல முடியாது, ஆனா வரிசைங்கற பலம் நம்ம மண்ணுலயும் செல்லும்னு காட்டிச்சு.

இனி கஷ்டமான பகுதி. இதை நீங்க நாலு பேரும் உக்காந்து ரெண்டு தடவை படிக்கணும். டெட் பெரி 2003 பிப்ரவரியில காலமானார், பையன் சைமன் பெரி பொறுப்பை எடுத்துக்கிட்டார். அப்ப ஏற்கெனவே ஒரு தகராறு ஓடிட்டு இருந்தது. லலாந்த்னு ஒரு ஃபிரெஞ்சுக் கம்போசர், 1726-ல செத்தவர், பதினாலாம் லூயி ராஜாவோட அரண்மனைக்கு சங்கீதம் எழுதினவர். அவரோட பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இருந்து இன்னைக்கு வாசிக்கறவங்க படிக்கற மாதிரி நொட்டேஷனை லயனல் சாகின்ஸ்ங்கற அறிஞர் தயார் பண்ணினார், விட்டுப் போன பகுதியை நிரப்பி, தப்பைத் திருத்தி, ஆயிரக்கணக்கான இடத்துல கை வெச்சு. அதை வெச்சு எக்ஸ் கதீட்ராங்கற குழு பாடி ஹைப்பீரியன் சிடி போட்டது. சாகின்ஸ் சொன்னது, என் எடிஷனுக்குக் காப்பிரைட் இருக்குது, ராயல்டி குடுங்க. கம்பெனி சொன்னது, நீங்களே லலாந்த் எழுதினதை அப்படியே கொண்டு வந்தேன்னு சொல்றீங்க, அப்ப அது லலாந்தோட சங்கீதம், உங்களோடது இல்ல, வேலைக்குக் கூலி வாங்கிக்கங்க, ராயல்டி கிடையாது. 2004-ல ஹைகோர்ட்ல கம்பெனி தோத்தது. அப்பீல் போனாங்க, 2005 மே மாசம் அங்கயும் தோத்தது. சிடியில அவரு பேருக்கு வெறும் நன்றின்னு போட்டதும் செல்லாது, ஆசிரியர்னு அடையாளம் காட்டியிருக்கணும்னும் கோர்ட் சொல்லிருச்சு. அவருக்குக் குடுக்க வேண்டிய தொகை பெரிசில்ல, ரெண்டு பக்கத்து வக்கீல் செலவும் இவங்க தலையில விழுந்ததுதான் பெரிய இடி, லட்சக்கணக்கான பவுண்டு. அந்தச் சமயத்துல புது ரெக்கார்டிங்கை எல்லாம் பாதிக்கு மேல நிறுத்தி வெக்க வேண்டி வந்தது. ஒரே ஒரு சிடி, ஒரே ஒரு எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமப் போனதால, இருபத்தஞ்சு வருஷக் கம்பெனி ஆட்டம் கண்டுச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சுன்னு நினைக்கறேன், ஆனா அந்த நியாயத்தைப் பேசறதுக்கு ரெக்கார்டிங்குக்கு முன்னால ஒரு சாயந்தரம் போதும், பின்னால கோர்ட்டுக்குத்தான் போகணும்.

நமக்கு இது எங்கோ லண்டன் கதைன்னு விட முடியாது. உதாரணத்துக்கு சுவாதித் திருநாள் கிருதிகள். மகாராஜா 1846-ல காலமானவர், சாகித்யத்துக்கு யாருக்கும் காப்பிரைட் கிடையாது. ஆனா இப்ப பாடற மெட்டு நிறையது முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் 20-ம் நூற்றாண்டுல அமைச்சது. முத்தையா பாகவதர் 1945-ல போயிட்டார், செம்மங்குடி 2003-ல. நம்ம சட்டப்படி இசையமைச்சவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை இருக்குது, அதைக் கூட்டிப் பார்த்துக்கங்க. அதே மாதிரி பாடறவருக்கும் வாசிக்கறவருக்கும் தனியா உரிமை உண்டு, 1994 திருத்தத்துல வந்தது, ரெக்கார்டிங்குக்கு 60 வருஷம், கலைஞர் உரிமைக்கு 50 வருஷம். கடம் வாசிக்கறவர், பின்னால தம்புரா போடற பொண்ணு, எல்லார்கிட்டயும் காகிதத்துல கையெழுத்து வாங்குங்க. நம்ம மாமா, நம்ம சித்தப்பான்னு வாய்ப் பேச்சுல விடாதீங்க, மாமா இருக்கற வரைக்கும் பிரச்சினை வராது, அவருக்கு அப்புறம் பசங்க வந்து கேப்பாங்க.

ஹைப்பீரியன் அந்த அடியில இருந்து எழுந்தது, ஏன்னா தோப்பு இருந்துச்சு. பழைய சிடிகள் வித்துட்டே இருந்துச்சு, ஏஞ்சலா ஹெவிட் பியானோவுல வாசிச்ச, பாக்ங்கற கம்போசரோட வரிசை ஒண்ணே கம்பெனிக்குப் பெரிய தூண். தங்களோட வெப்சைட்லயே பாட்டை நல்ல தரத்துல டவுன்லோடா வித்தாங்க, புக்லெட்டை யாரு வேணும்னாலும் சும்மா படிக்கற மாதிரி வெச்சாங்க. ஆனா ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் வருஷக்கணக்கா குடுக்கவே இல்ல, உலகமே போன பின்னாலயும். பிடிவாதம்னு பலர் திட்டினாங்க. எனக்கு அதுல கணக்கு தெரியுது. ஸ்ட்ரீமிங்ல ஒரு டிராக் ஒரு தடவை ஓடினா ஒரு எண்ணிக்கை, மூணு நிமிஷ சினிமாப் பாட்டும் ஒண்ணு, இருபத்தஞ்சு நிமிஷ சிம்ஃபனி மூவ்மென்ட்டும் ஒண்ணு. நம்ம ஆளு நாப்பது நிமிஷம் தோடி ராகம் தானம் பல்லவி பாடினா அதுவும் ஒண்ணுதான். நீங்க ஸ்ட்ரீமிங்ல போடறதா இருந்தா ஆலாபனை, தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம்னு டிராக்கைப் பிரிச்சுப் போடுங்க, ஆனா அந்தக் காசை நம்பி பட்ஜெட் போட்டுடாதீங்க.

கடைசியில 2023 மார்ச்ல யூனிவர்சல் மியூசிக் வாங்கிருச்சு, டெக்காவும் டாய்ச்ச கிராமஃபோனும் இருக்கற அதே வீடு. அந்த ஜூலையில முதல் ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்துச்சு, அடுத்த வருஷத்துக்குள்ள மொத்தமும் வந்துருச்சு. செய்தி வந்தப்ப எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். தனியா நிக்கறது முடிஞ்சு போச்சேன்னு. ஆனா யூனிவர்சல் மாதிரி ஒரு கம்பெனி விலை குடுத்து வாங்கற சொத்து அது எப்படி ஆச்சுன்னு யோசிச்சா, வேற யாரும் ரெக்கார்ட் பண்ணாத ஆயிரக்கணக்கான பாட்டு அங்கதான் இருந்துச்சு.

சரி, உங்க லிஸ்ட்டுக்கு வர்றேன். அந்தப் பத்து தியாகராஜ கிருதிகளை எடுத்து ஓரமா வைங்க. நம்ம பாலக்காட்டு மஞ்ஞப்ராவுல 1923-ல பொறந்தவர் எம்.டி. ராமநாதன், கலாக்ஷேத்ராவுல டைகர் வரதாச்சாரியார்கிட்ட படிச்சு அங்கயே கத்துக்குடுத்தவர், அந்த விளம்ப காலமும் அந்த அடிக்குரலும் யாருக்கும் வராது. அவரு பாடகரா இருக்கறது எல்லாருக்கும் தெரியும், வரததாஸங்கற முத்திரையில முன்னூறு கிருதி கிட்ட எழுதியிருக்கார்ங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்? தெலுங்கு, சமஸ்கிருதம், தமிழ், மலையாளம்னு. கச்சேரியில கேக்கறது அதுல ஒரு கைப்பிடி. எம்.டி.ஆர். கிருதிகள் முழுசும், தொகுதிக்கு ஒரு பாடகர், தொகுதிக்கு எட்டு கிருதி, முதல் தொகுதிக்கு மட்டும் பேரு தெரிஞ்ச ஒரு பாடகரைப் பிடிங்க, ஜேனட் பேக்கரை வெச்ச மாதிரி. மீதிக்கு நம்மூர் ஆளுங்க. ஒவ்வொரு கிருதிக்கும் சாகித்யம் தமிழ் லிபியிலயும் மலையாள லிபியிலயும், அர்த்தம், ராகக் குறிப்பு, எழுதறதுக்கு ஆள் இல்லைனா நான் எழுதறேன், காசு வேண்டாம். இந்த ஜில்லாவுல ரெண்டு பாஷையும் படிக்கற வாசகர்கள் இருக்கற அளவுக்கு வேற எங்க இருக்காங்க சொல்லுங்க.

ஒண்ணே ஒண்ணு, அவரு 1984-ல காலமானார், அதனால 2044 முடியற வரைக்கும் அந்தக் கிருதிகளுக்கு உரிமை அவரு வாரிசுகளோடது. மைக் வாங்கறதுக்கு முன்னால, பாடகர்கிட்ட பேசறதுக்கு முன்னால, அவங்க குடும்பத்தைப் போய்ப் பாருங்க, என்ன பண்ணப் போறோம், எத்தனை தொகுதி, என்ன பங்கு குடுப்போம்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. அந்த எழுத்தை முதல்ல எனக்கு அனுப்புங்க, பார்த்துத் திருத்தித் தர்றேன்.